‘நூறாவது நாள்’ பார்த்த ராத்திரியும் எங்க ஊர் வீடுகளும்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வளவுவாசி:

நேத்து ராத்திரி டிவியில ‘நூறாவது நாள்’ ஓடிக்கிட்டிருந்துச்சு. மகள் பாதியில எழுந்து போயிட்டா. “இதுக்காம்மா பயந்தீங்க?”ன்னு ஒரு சிரிப்பு வேற. அவளுக்கு எப்படிச் சொல்றது, நாங்க அதைப் பார்த்த இடம் அப்படி.

படம் வந்தது 1984. மணிவண்ணன் டைரக்‌ஷன், இளையராஜா மியூசிக். நளினிக்கு ஒரு கொலை மனசுக்குள்ள படமா ஓடும், சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடியோட சத்யராஜ். மைக் புடிச்சுப் பாடியே நம்ம மனசுல நின்ன மோகன் இதுல என்னவா வர்றார்னு சொல்ல மாட்டேன், இன்னும் பார்க்காதவங்க ஒருத்தராச்சும் இருப்பீங்க.

செட்டிநாட்டுப் பள்ளத்தூர்ல ஆயா வீட்டுக் கல்யாணம். வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வளவுல, அதான் முற்றத்தைச் சுத்தித் தூண் வச்ச தாழ்வாரத்துல, வச்சுட்டாங்க. மூணு கேசட், இதுதான் கடைசி. பெரியவங்க எல்லாம் முகப்புல சீட்டாட்டம். பிள்ளைங்க நாங்க பன்னெண்டு பேர், தூணுக்கு ஒருத்தரா சாஞ்சு உட்கார்ந்திருந்தோம். சுவத்தை இடிச்சா உள்ள பொணம் இருக்கிற சீன் வந்தப்ப எங்க பன்னெண்டு பேர் தலையும் ஒண்ணா இடது பக்கம் திரும்புச்சு. ஏன்னா அங்கதான் பெரிய ஐயா பங்கு அறை. அவங்க பினாங்குல. நான் பொறந்ததுலேர்ந்து அந்தக் கதவு திறந்து பார்த்ததில்லை.

கரண்டு அணைச்சுப் படுத்தப்புறம் அந்த அறைக்கு மேலேர்ந்து தடதடன்னு ஒரு சத்தம். ஒருத்தி அலறினா, மத்த பதினொண்ணும் அலறுச்சு. ஐயா டார்ச்சோட வந்தாங்க. மரநாய் ஓட்டு மேல ஓடுது. “இந்தச் சுவத்துல முட்டை வெள்ளைக்கரு போயிருக்கு, கடுக்காய் போயிருக்கு, கருப்பட்டி போயிருக்கு. பொணம் மட்டும் போகல. படுங்க”ன்னாங்க. அன்னிக்குச் சுவத்துல கன்னத்தை வச்சா சில்லுன்னு இருக்கும்ல, அந்தப் பக்கமே யாரும் படுக்கல.

நம்ம பக்கத்துல பூட்டின அறை இல்லாத வீடு உண்டா? உங்க கதையைச் சொல்லுங்க. படத்துல வர்ற மாதிரி முன்கூட்டியே ‘தெரிஞ்ச’ அனுபவம் இருந்தாலும் சரி.

கல்லுக்கட்டி:

ஆச்சி, பூட்டின அறைக்குப் பேய் காரணமில்லை, பங்காளி காரணம். நாலு புள்ளிக்கு, அதாவது நாலு குடும்பத்துக்கு, நாலு சாவி, ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் கோயம்புத்தூர், ஒருத்தரோட இன்னொருத்தர் பேச்சு இல்லை. எங்க வீட்டிலும் அப்படித்தான்.

படத்தைப் பத்தி ஒண்ணு. இதுக்கு மூலம் இத்தாலிக்காரர் லூசியோ ஃபுல்சி 1977ல எடுத்த படம். அதுல அந்தப் பொண்ணுக்குத் தெரியிற காட்சி எல்லாம் சரிதான், சுவர், அறை, எல்லாம். ஆனா நடந்து முடிஞ்ச கொலைன்னு நினைச்சுத் தேடிப் போவா. அது நடக்கப்போறது, அதுவும் அவளுக்கே. கண்ணுல பட்டது பொய்யில்லை, அவ அர்த்தம் பண்ணிக்கிட்டதுதான் தப்பு. எனக்கு நம்மாளு படத்தை விட அந்த இடம்தான் அடிவயித்தைக் கலக்குச்சு.

மூணாங்கட்டு:

எங்க அப்பத்தாவுக்கும் எல்லாம் கனவுல வந்துடும். யார் செத்தாலும் “முந்தாநாளே பல்லு விழுற மாதிரி கண்டேன்”பாங்க. தந்தி வந்ததுக்கு அப்புறம்தான் சொல்வாங்க, முன்னாடி ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. பல்லு விழுந்தும் யாரும் சாகாத நாள் எத்தனைன்னு கேட்டேன். அன்னிக்குப் பலகாரத்துல சீயம் எனக்கு ஒண்ணு குறைஞ்சுது.

கோடாங்கி, குறி இதெல்லாம் ஒருத்தர் மனசை ஆத்துற வரைக்கும் இருக்கட்டும். போலீஸ் வேலையை அதுக்குக் கொடுக்கக் கூடாது.

தேவகோட்டை ரஸ்தா:

மூணாங்கட்டு சொன்ன கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

1979. அத்தை கல்யாணம். மூன்றாம் நாள் சாமான் எண்ணும்போது வெள்ளிச் சந்தனக் கும்பா ஒன்று குறைந்தது. அப்பத்தா சீராகக் கொண்டுவந்தது, அடியில் அவர்கள் பேரெழுத்து வெட்டியிருக்கும். போலீஸுக்குப் போனால் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று, வெற்றிலையில் மை தடவித் திருடனைக் காட்டுவதாகச் சொல்கிற ஒருவரை அழைத்து வந்தார்கள். வயசுக்கு வராத பிள்ளைதான் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

இரண்டாங்கட்டில் உட்கார வைத்தார்கள். ஒரு கொழுந்து வெற்றிலை, நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பாக மை, பக்கத்தில் விளக்கெண்ணெய்த் தீபம். இமைக்காமல் பார் என்றார். பார்த்தேன். மை பளபளவென்று இருந்தது. அதில் தீபம் ஆடியது. என் மூக்கு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

“ஆள் வந்துட்டானா?” என்றார். பேசாமல் இருந்தேன். “சட்டை போட்டிருக்கானா, வெறும் மேலா?” எனக்குக் கழுத்து வலித்தது, புகையில் கண் எரிந்தது. வெறும் மேல் என்றேன். “தலையில துண்டு இருக்குல்ல?” இருக்கு. “கையில வாளி இருக்கா பாரு.” இருக்கு என்றேன். ஏன் என்றேன் என்று நாற்பது வருஷமாக யோசிக்கிறேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் நான் ஆமாம் சொல்லும்போது ஒரு மூச்சு விட்டார்கள், அது நன்றாக இருந்தது. அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வெறும் மேல், துண்டு, வாளி என்றால் எங்கள் வீட்டில் தண்ணீர் இறைக்கிற அண்ணன் ஒருவர்தான். யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. அடுப்படியில் அவருக்குச் சோறு போடுவதை மட்டும் நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்து வைத்து, கயிற்றை அதன் மேல் ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். பொருளை எடுத்தவன் வாளியைக் கவிழ்த்து வைப்பானா என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் படத்தை நான் காரைக்குடியில் தியேட்டரில் பார்த்தேன். நளினி ‘எனக்குத் தெரிஞ்சுது’ என்று அழும்போது எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தப் பெண் நிஜமாகவே பார்த்தாள், யாரும் நம்பவில்லை. நான் ஒன்றும் பார்க்கவில்லை, வீடே நம்பியது.

1996ல் பங்கு பிரிக்க அறைகளைத் திறந்தார்கள். பெரிய வெண்கல அண்டா, அதற்குள் ஒரு தூக்குச் சட்டி, தூக்குச் சட்டிக்குள் பழைய பேப்பர் சுற்றிய கும்பா. கல்யாணச் சாமான் கட்டும்போது வீட்டு ஆள் யாரோதான் பத்திரமாக உள்ளே வைத்திருக்கிறார்கள். காய்ந்த சந்தனம் வெடித்துப்போய் அப்படியே ஒட்டியிருந்தது. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பேரெழுத்து இருந்தது.

கல்லுக்கட்டி:

அண்ணே, அதுக்கு ‘தொலைஞ்ச பொருள் வீட்டுக்குள்ளயே இருக்குன்னு மை சொல்லுச்சு’ன்னு யாராச்சும் கதை கட்டியிருப்பாங்களே?

தேவகோட்டை ரஸ்தா:

கட்டினார்கள். அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை என்றும் சொன்னார்கள்.

வளவுவாசி:

கேட்கலாமான்னு தெரியல. அந்தத் தண்ணி இறைச்ச அண்ணனைத் தேடினீங்களா?

தேவகோட்டை ரஸ்தா:

அப்பச்சி ஒரு தடவை பஸ் ஏறித் திருப்பத்தூர்ப் பக்கம் போய் விசாரித்துவிட்டு வந்தார்கள். அந்தப் பேரில் அந்த வயசில் மூன்று பேர் இருந்தார்களாம். மூன்று பேருமே எங்கள் வீட்டில் தண்ணீர் இறைத்ததில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.