பல கண்டெய்னர்கள் ஓடும் சர்வரில் ஓவர்லே அடுக்குகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி – குன்னூர்

வணக்கம். எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் ஒரே சர்வரில் மாணவர்களுக்காக 40 டாக்கர் கண்டெய்னர்கள் (நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிகள்) ஓடுகின்றன. அடியில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, அதன்மேல் அடைவுகளை அடுக்கிக் காட்டும் ஓவர்லே2. ஐப்பசி மழையில் கற்பூர மரம் ஒன்று மின்கம்பியின் மேல் சாய்ந்த இரவில் யு.பி.எஸ்.ஸும் தீர்ந்து சர்வர் அணைந்துவிட்டது. அணைவதற்குச் சற்று முன்பு இறக்கியிருந்த இமேஜின் (கண்டெய்னர்களை உருவாக்கும், அடுக்குகளாலான மூலப் பொதியின்) கண்டெய்னர்கள் மட்டும் மறுநாள் எழவில்லை. உள்ளே பார்த்தால் பல நூலகக் கோப்புகளின் அளவு 0 பைட். மீண்டும் இறக்கியும் பயனில்லை. இது போதாதென்று, வட்டில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே ‘இடம் இல்லை’ என்ற பிழையும் வருகிறது. ஓவர்லேயைக் கைவிட்டு பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற வேறு கோப்பு முறைமைக்கு மாற வேண்டுமா?

பதில் – உதகை

அவசரப்பட்டு மாற வேண்டாம். ஓவர்லே 2014 டிசம்பரில் வெளிவந்த 3.18 லினக்ஸ் கர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே) சேர்க்கப்பட்டுவிட்டது. கர்னலுக்குள் கடைசிவரை இடம் பெறாத ஏ.யு.எஃப்.எஸ். என்ற பழைய அடுக்கு முறைமை போன்றதன்று. ஓவர்லேக்கென்று வட்டில் தனிச் சேமிப்பு வடிவம் இல்லை, அடியிலுள்ள கோப்பு முறைமையின் அடைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுகிறது, அவ்வளவே. இமேஜை இறக்கும்போது விரிக்கப்படும் கோப்புகள் முதலில் நினைவகத்தில்தான் நிற்கும். கோப்பின் பெயர் எக்ஸ்ட்4 குறிப்பேட்டில் (மாற்றங்களை முன்கூட்டிப் பதியும் ஜர்னலில்) பதிந்து, உள்ளடக்கம் வட்டை அடையுமுன் மின்சாரம் போனால், நீங்கள் கண்ட 0 பைட் கோப்புதான் எஞ்சும். அந்த அடுக்கு தன்னிடம் ஏற்கெனவே இருப்பதாக டாக்கர் நம்புவதால், மறுபடி இறக்கச் சொன்னாலும் அதைத் தொடாது. அந்த அடுக்கைப் பகிரும் கண்டெய்னர்கள், இமேஜ்கள் அனைத்தையும் நீக்கிய பிறகே இறக்க வேண்டும்; இறக்கி முடிந்ததும் நினைவகத்தில் நிற்பதை வட்டில் எழுதவைக்கும் சிங்க் கட்டளை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

இடப் பிழைக்கு, வட்டின் இடத்தைக் காட்டும் டி.எஃப். கட்டளையை ஐனோடு (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவு) எண்ணிக்கை காட்டும்படி ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்ட்4-இல் ஐனோடுகளின் எண்ணிக்கை வட்டை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடும். வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒன்று. சிறு கோப்புகள் இலட்சக்கணக்கில் குவிந்தால் இடம் இருந்தும் ஐனோடு தீர்ந்துவிடும். எக்ஸ்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையோ தேவைக்கேற்ப ஐனோடுகளை உருவாக்கிக்கொள்ளும்.

பதில் – கொடைக்கானல்

எக்ஸ்.எஃப்.எஸ்.ஸுக்கு மாறினாலும் மின்வெட்டுச் சிக்கல் தீராது என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதுவும் உள்ளடக்கத்தைத் தாமதித்தே எழுதுகிறது. மாறத் தகுந்த காரணம் வேறு: அதில் புராஜெக்ட் கோட்டாவை (அடைவுவாரியான இடக் கட்டுப்பாட்டை) இயக்கினால்தான் ஓவர்லே2-இல் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனித்தனி இட வரம்பு வைக்க முடியும். அந்த வரம்பு இல்லாதவரை 40 பேரும் ஒரே கிணற்றில் நீர் இறைக்கிறார்கள். ஒருவர் வற்றச் செய்தால் அனைவருக்கும் வறட்சி.

மாணவர்களின் தரவுத்தளங்கள் கண்டெய்னரின் எழுதும் அடுக்கில் இருந்தால் உடனே வால்யூமுக்கு (அடுக்குகளுக்கு வெளியே உள்ள தனிச் சேமிப்புக்கு) மாற்றுங்கள். கீழடுக்கில் உள்ள 2 ஜி.பி. கோப்பில் ஒரு பைட்டை மாற்றினாலும், ஓவர்லே முதலில் முழுக் கோப்பையும் மேலடுக்குக்கு நகலெடுக்கும். டாக்கரின் ஓவர்லே2 அடைவுக்குள் கையால் எதையும் திருத்த வேண்டாம். ஓவர்லே பொருத்தப்பட்டிருக்கும்போது கீழடுக்கு மாறினால் என்ன நேரும் என்பதற்குக் கர்னல் ஆவணங்களே உத்தரவாதம் தருவதில்லை.

கேள்வி கேட்டவர் – குன்னூர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஐனோடு 100 விழுக்காடு தீர்ந்திருந்தது. பழைய நோட்.ஜே.எஸ். நிரல் தொகுப்புகளை நீக்கியதும் பிழை நின்றது. பழுதான அடுக்கை நீக்கி இறக்கிய இமேஜும் ஓடுகிறது. தரவுத்தளங்களை இன்றிரவே வால்யூமுக்கு மாற்றுகிறேன். யு.பி.எஸ். மின்கலம் பாதிக்குக் குறைந்தவுடன் சர்வர் தானாக முறைப்படி அணையும்படி அமைத்த பிறகே அடுத்த இமேஜை இறக்குவேன்.