பகுதியில் ரூட் இருந்தால் என்ன சார்?

மாலை நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். முறுடுகள் (√2 போல, முழு எண்ணாகவோ பின்னமாகவோ எழுத முடியாத மூலங்கள்) பாடம் எடுத்தாலே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "1/√2 என்று பகுதியில், அதாவது பின்னத்தின் கீழே, ரூட்டை விட்டால் என்ன தப்பு? எதற்கு √2/2 என்று மாற்ற வேண்டும்?"

தப்பே இல்லை, இரண்டும் ஒரே எண்தான். 'விதி அப்படி' என்று சொல்லி வாயை அடைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. √2-க்கு 1.41421 என்று எடுத்துக்கொண்டு 1-ஐ அதால் கையால் வகுக்கச் சொல்வேன். இரண்டு இலக்கம் தாண்டுவதற்குள் பெருமூச்சு வரும். அப்புறம் 1.41421-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் ஒரே வரியில் 0.7071 வந்துவிடும். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இது எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தியிருக்கும் என்று அப்போது புரியும்.

ஒரு மாணவி விடவில்லை. "இப்போதுதான் கால்குலேட்டர் இருக்கிறதே, சார்?" நியாயமான கேள்வி. அவளிடம் 1/(√10001 − 100) கொடுத்தேன். எல்லா மதிப்புகளையும் இரண்டு தசம இடத்தோடு நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை. √10001-க்கு 100.00 என்று எழுதினாள். அதிலிருந்து 100-ஐக் கழித்தாள், சைபர். பேனா அப்படியே நின்றது, சைபரால் எப்படி வகுப்பது? பிறகு மேலும் கீழும் √10001 + 100-ஆல் பெருக்கச் சொன்னேன். பகுதி 10001 − 10000, அதாவது வெறும் 1. விடை √10001 + 100. அதே இரண்டு தசமத்தில் 200.00. உண்மை மதிப்பு ஏறக்குறைய 200.005. கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னிலக்கங்கள் அடிபட்டுப்போய், தோராயத்தின் பிழை மட்டும் மிஞ்சுகிறது. கணினிக்கும் இதே தொல்லை உண்டு. அதனால் நிரல் எழுதுகிறவர்களும் இப்படிக் கழித்தலைக் கூட்டலாக மாற்றி எழுதுவார்கள்.

ரூட்டைச் சுருக்குவதில் பெரிய சிக்கல் இல்லை. √72-ஐ 2√18 என்று எழுதிவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. 18-க்குள் இன்னும் ஒரு 9 உட்கார்ந்திருக்கிறதே, 6√2 வரை போக வேண்டாமா? ரூட்டுக்குள் 432 மாதிரி பெரிய எண் என்றால் பகாக் காரணி பிரிப்பதுதான் பத்திரம்: நான்கு 2, மூன்று 3, ஆக 12√3.

பிடிவாதமான பிழை வேறு. √2 + √3 = √5 என்று தயங்காமல் எழுதுவார்கள். √9 + √16 போடச் சொன்னால் 7 வரும். √25 என்றால் 5. அன்றைக்குத் தலையாட்டுவார்கள், அடுத்த வாரம் √5 மறுபடி முளைக்கும்! இன்னொன்று, பகுதியில் √3 + √2 இருந்தால் அதே √3 + √2-ஆல் பெருக்குவது. 5 + 2√6 வரும், ரூட் போகாது. குறியை மாற்றிய √3 − √2-தான் இங்கே விகிதப்படுத்தும் காரணி, அதாவது பெருக்கினால் ரூட்டைப் போக்கிவிடும் எண். கனமூலத்திலும் கவனம் வேண்டும். 1/∛2-ஐ ∛2-ஆல் பெருக்கினால் கீழே ∛4 நிற்கும். ∛4-ஆல் பெருக்கினால்தான் 2 கிடைக்கும்.

பாடத்தைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவைப்பதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: 1/(1+√2) + 1/(√2+√3) என்று தொடங்கி 1/(√99+√100) வரை கூட்ட வேண்டும். பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். முதல் உறுப்பு √2 − 1, அடுத்தது √3 − √2, அதற்கடுத்தது √4 − √3. நாலைந்து எழுதுவதற்குள் ஒருவர் "எல்லாம் அடிபடுது சார்!" என்று கத்திவிடுவார். மிச்சம் 10 − 1, அதாவது 9. தொண்ணூற்றொன்பது பின்னங்களையும் விழுங்கிவிட்டு ஒரு முழு எண்.

ஆனால் பகுதியில் ரூட்டே ஆகாது என்று இதையே வேதமாக்கவும் கூடாது. மேல் வகுப்பில் எல்லை மதிப்பு (ஓர் எண் சைபரை நெருங்க நெருங்க விடை எதை நெருங்குகிறது என்பது) படிக்கும்போது (√(9 + சிறு எண்) − 3)/சிறு எண் போன்ற கணக்கு வரும். சிறு எண்ணைச் சைபராக்கினால் 0/0. அங்கே தொகுதியை, அதாவது பின்னத்தின் மேலே உள்ளதை, விகிதப்படுத்துகிறோம். சிறு எண் மேலும் கீழும் அடிபட்டு 1/(√(9 + சிறு எண்) + 3) ஆகும். ரூட் கீழே போய்விட்டதே என்று யாரும் வருத்தப்படுவதில்லை. இப்போது சிறு எண்ணைச் சைபராக்கினால் விடை 1/6.