பாட்டில் மூடியைக் கழட்டிட்டா எம்பிரா 'சுத்தமா' கேக்குமா?

நான் மியூசிக் எஜுகேஷன் படிக்கிறேன், எங்க கிளாஸுக்கு ஒரு தடவை எம்பிரா வாசிக்கிறவர் ஒருத்தர் வந்தார். எம்பிரா ஜிம்பாப்வேல ஷோனா மக்களோட வாத்தியம். மரப்பலகை மேல இரும்புப் பட்டைங்க வரிசையா இருக்கும், ரெண்டு கட்டைவிரலும் மேலேருந்து அழுத்தும், வலது ஆள்காட்டி விரல் கீழேருந்து சுண்டும். பலகையோட முன்பக்கத்துல கீழ்ப்பகுதியில பாட்டில் மூடிங்களைத் தைச்சு வச்ச மாதிரி மாட்டியிருப்பாங்க, அதனால ஒவ்வொரு சுரத்தோடயும் ஒரு 'ஜர்ர்ர்' கூடவே வரும்.

ரெக்கார்ட் பண்ணிட்டிருந்த பையன் ஒருத்தன், சார் அந்த மூடியைக் கழட்டிட்டா சவுண்டு கிளியரா இருக்குமேன்னு கேட்டான். அவர் கோபப்படல, நிஜமாவே கழட்டிட்டு அதே பாட்டை வாசிச்சார், அப்புறம் திரும்ப மாட்டிட்டு வாசிச்சார். மூடி இல்லாதப்போ சுரம் எல்லாம் தனித்தனியா விழுந்து நின்னுடுது, மூடியோட வாசிச்சா ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு ஓடுது. தம்புராவுல தந்திக்கு அடியில நூல் வச்சு ஜீவா (அந்த ரீங்காரம்) பிடிக்கிறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும், அந்த இரைச்சல்தான் அங்க உயிர்.

உடனே இன்னொரு கேள்வி வந்துச்சு. முன்னாடி சிப்பி, நத்தை ஓடு தானே கட்டினாங்க, அப்போ மூடி ஒரிஜினல் இல்லையேன்னு. எனக்கு இந்தக் கேள்வியே தப்பான இடத்துல தேடுறதா தோணுது. பொருள் மாறிச்சு, அது செய்யுற வேலை மாறல. வயலினை எடுத்துக்கோங்க, சுமார் 200 வருஷத்துக்கு முன்னாடி கர்நாடக சங்கீதத்துக்குள்ள வந்தது, வாத்தியம் அதேதான், ஆனா உக்காந்து பிடிக்கிற விதம், சுருதி கட்டுற விதம், கமகம் எல்லாம் இந்த சங்கீதத்துக்கு ஏத்த மாதிரி ஆயிடுச்சு. இன்னைக்கு ஜிம்பாப்வே இசைன்னா பல பேர் மரிம்பாவைத்தான் (மரக்கட்டைங்களைக் குச்சியால தட்டி வாசிக்கிற வாத்தியம்) சொல்வாங்க, அதுவே 1960கள்ல புலவாயோவுல இருந்த குவானோங்கோமா இசைக் கல்லூரியில பள்ளிப் பிள்ளைங்களுக்காக உருவாக்கினது! அதைப் போலின்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்.

நிஜமான இழப்பு நடக்குறது வகுப்பறையிலதான்னு நினைக்கிறேன். எம்பிராவுல ஒருத்தர் குஷவுரா (முன்னாடி போற பகுதி), இன்னொருத்தர் குட்சின்ஹிரா (அதைத் தொடர்ற பகுதி) வாசிப்பாங்க, ரெண்டும் பின்னிக்கிட்டு போகும், ரெண்டும் சேரும்போது ரெண்டு பேருமே வாசிக்காத ஒரு மெட்டு தானா கேக்கும். வாசிக்க வந்தவர் எங்களுக்கு நோட்டேஷன் (எழுதின இசைக்குறிப்பு) எதுவும் குடுக்கல, தாளத்துல எங்க ஆரம்பிக்கணும்னும் சொல்லல, விரலைக் காட்டி திரும்பத் திரும்ப வாசிச்சுக்கிட்டே இருந்தார். முதல்ல தலை சுத்துச்சு, அப்புறம் பக்கத்துல இருக்கிறவங்க வாசிக்கிறதைக் கேக்கக் கேக்க, என் பகுதியோட 'ஒண்ணு', அதாவது தாளத்தோட முதல் அடி, எங்க இருக்குன்னு நான் நினைச்சிருந்தேனோ அது நகர்ந்து போற மாதிரி இருந்துச்சு. இதையே கோடு போட்டு, பார் பிரிச்சு பேப்பர்ல குடுத்தா முதல் அடி அங்கேயே ஆணி அடிச்சு நின்னுடும்.

அதுக்காக அந்த மண்ணுல பிறந்தவங்க மட்டும்தான் சொல்லித்தரணும்னு சிலர் சொல்றதும் எனக்கு ஒப்புதல் இல்ல. ஆனா இது முன்னோர் ஆவிகளை அழைக்குற பீரா சடங்குல ராத்திரி முழுக்க வாசிக்கிற இசை, அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம மூணு நிமிஷ 'ஆப்பிரிக்கா பாட்டு'ன்னு ஆண்டு விழாவுல ஏத்துறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

இப்போ டீச்சிங் பிராக்டிஸ்ல இருக்கேன், பிள்ளைங்களுக்கு முதல்ல காதாலயே ரெண்டு பகுதியும் பழக்கிட்டு பேப்பரை கடைசியா குடுக்கிறேன். மதிப்பெண் ஷீட்லதான் சிக்கல், நோட்டேஷன் பாத்து வாசிக்கிறதுக்கு மார்க் இருக்கு, அடுத்தவங்க வாசிக்கிறதைக் கேட்டு அதுக்குள்ள நுழையுறதுக்கு ஒரு கட்டமே இல்ல. அதைச் சேர்க்கணும்னு எழுதிக் குடுத்திருக்கேன், உங்கள்ல யாராவது ஏற்கனவே இதுக்கு மார்க் போடுறீங்கன்னா எதை வச்சு போடுறீங்கன்னு சொல்லுங்க.