மகளுக்கு ஓவியமா, சிற்பமா, பகான் போய் யூன் வேலையா? படித்தவர்கள் சொல்லுங்கள்

பெகு செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். மகள் மெட்ரிக் தேறிவிட்டாள். கணக்குப் படித்தால் ஏதாவது கடையிலாவது வேலை கிடைக்கும் என்கிறார் அவள் அப்பா. அவளுக்கு மூன்று வயதிலிருந்து கரித்துண்டும் சுவரும்தான். மார்கழியில் எங்கள் தெரு முழுக்க அவள் போட்ட கோலம் இருக்கும். போன வருஷம் அம்மன் கோயில் திருப்பணியில் பொம்மை செய்தவர்கள் பக்கத்தில் பத்து நாள் உட்கார்ந்திருந்தாள். மீந்த சாந்தில் ஒரு கிளி செய்து எடுத்து வந்தாள். அது இப்போது எங்கள் சாமி மாடத்தில் இருக்கிறது.

ஒரு நாள் சிற்பம் படிக்கணும் என்கிறாள், மறுநாள் ஓவியம், அப்புறம் பகானில் யூன் வேலை, அதாவது மரப்பால் பூசிக் கிண்ணம் செய்கிற வேலை. எனக்கு மூன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இதற்கு நடுவில் சொந்தக்காரர் ஒருவர், "கோயில் பொம்மை, பூ வேலை எல்லாம் வெறும் அலங்காரம், கலை இல்லை" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் பென்சிலையே தொடவில்லை அவள். என்ன செய்யட்டும்?

சுதைக்காரன்:

அக்கா, வணக்கம். நான் யாங்கோனில் நாலு வருஷம் சிற்பம் படித்தேன். இப்போது கோயிலுக்குச் சுதை பொம்மையும் பயா என்கிற புத்தர் கோயிலுக்குப் பூ வேலையும் செய்கிறேன். அந்தச் சொந்தக்காரர் பேச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது என் வயிற்றையும் கலக்கிய பேச்சு.

நாம் வாழ்கிற பர்மாவில் கலைக்குப் பேரே 'பன் ஸெ மியோ', பத்து வகைப் பூ. ஓவியம், மரச் செதுக்கல், கல், சுதை, கொத்து வேலை, பொன் வெள்ளி வேலை, வெண்கல வார்ப்பு, கொல்லு வேலை, கடைசல், யூன். இரும்பு அடிக்கிறவர் வேலையும் இங்கே ஒரு பூதான். புத்தர் முகம் வரைகிறவர் உசத்தி, தூணில் கொடி வரைகிறவர் மட்டம் என்ற பிரிவினை அந்தப் பட்டியலில் கிடையாது. மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

நான் களிமண் பிசையப் போகிறேன் என்று ஆசையாகச் சேர்ந்தேன். முதல் மாதம் களிமண்ணைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. காகிதம், பென்சில், தாமரைக்கொடி. ஒரு கொடி வளைந்து போய்த் திரும்பி மொட்டு விடும், அந்த மொட்டிலிருந்து அடுத்த கொடி. சாயங்காலம் வரை அதுதான். ஆசிரியர் பலகையில் நாலு சொல் எழுதினார்: கனோ, நாயி, கபி, கஸா. பர்மிய மரபு வரைதலுக்கு இந்த நாலும்தான் அடிப்படை. கனோ என்றால் அந்தக் கொடி வேலை. மற்ற மூன்றும் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாயி நம் அர்த்தநாரியில் வரும் நாரி, மனித உருவம். கபி குரங்கு, துள்ளி ஓடுகிற எல்லாம் அதில் அடங்கும். கஸா கஜம், யானையும் மலையும் கட்டடமும் போல எடையுள்ளவை. கூடப் படித்தவர்கள் அர்த்தத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். கஜமுகனைத் தினமும் கும்பிட்டு வளர்ந்த எனக்கு அது வீட்டுச் சொல். அந்த வகுப்பில் நான் வேற்றாள் இல்லை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இன்றைக்கும் நந்தி செய்ய உட்கார்ந்தால் கஸா வகுப்புதான் கைக்கு வருகிறது. முதலில் எடை. மாடு தரையில் அமர்ந்திருக்கிறதா, மிதக்கிறதா? அது சரியான பிறகுதான் கழுத்து மணியும் சலங்கையும். மணியை முதலில் ஒட்டினால் எவ்வளவு நுணுக்கமாக ஒட்டினாலும் மாடு பொம்மையாகவே நிற்கும்.

சரி, இடங்கள். யாங்கோனில் 1993-இல் தொடங்கிய கலை பண்பாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஓவியம், சிற்பம் இரண்டுமே தனித்தனிப் பாடம். மாண்டலேயிலும் அதே மாதிரி ஒன்று 2001-இலிருந்து இருக்கிறது. கல்லில் ஆசை இருந்தால் மாண்டலேதான் சரி. சஜின் மலையிலிருந்து வெள்ளைப் பளிங்கு வருகிறது, மகாமுனி பயா பக்கத்துத் தெருக்களில் செதுக்குகிறார்கள். முகம் மட்டும் செதுக்காமல் விட்ட புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முகத்துக்குக் கைதேர்ந்தவர் கடைசியில் வருவார். நான் மாணவனாக ஒரு நாள் முழுக்க அங்கே நின்று பார்த்தேன், சாப்பாட்டு நினைப்பே வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், மகளுக்கு உதவும். இரண்டாம் வருஷம் ஒரு கிழவர் தலையைக் களிமண்ணில் செய்தேன், மூன்று மாத வேலை. தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் ஈரத்துணி சுற்றாமல் போய்விட்டேன். சித்திரை வெயில். திரும்பி வந்தபோது நெற்றியிலிருந்து தாடைவரை வெடித்திருந்தது, ஒரு காது கீழே கிடந்தது. ஆசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதே மண்ணை உடைத்து, ஊறவைத்து, மறுபடியும் பிசைந்தேன். இரண்டாவது தலை மூன்றே வாரத்தில் முடிந்தது. கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது, கண்குழி எவ்வளவு ஆழம் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. முதல் தலையை விட இதுதான் கிழவர் மாதிரி இருந்தது.

பகான் தங்கச்சி:

செல்வி அக்கா, நான் பகானில் யூன் படித்தவள். இங்கே யூன் பள்ளிக்கூடம் 1924-லேயே வந்துவிட்டது, 2003-இல் கல்லூரியாக்கினார்கள். பெண்பிள்ளை செய்யலாமா என்ற யோசனையே வேண்டாம், பட்டறைகளில் எழுத்தாணி பிடித்து உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் பெண்கள்.

ஆனால் பொறுமை வேண்டும். மூங்கில் கீற்றையும் குதிரை மயிரையும் சுற்றிக் கிண்ணம் கட்டி, திட்சீ மரத்துப் பாலைப் பூசி, நிலவறையில் காயவைப்போம். ஈரமான இடத்தில்தான் அது இறுகும், வெயிலில் இல்லை. ஒரு பூச்சுக்கு நாள்கணக்கு, தேய்த்து மறுபடியும் பூச்சு. சாயம் ஏற்றுவதும் ஒவ்வொரு நிறமாகத்தான்: கீறி, சிவப்பைத் தேய்த்து, கருவேலம் பிசின் பூசி மூடி, மறுபடியும் கீறி, பச்சை. காயாத திட்சீ பால் தோலில் பட்டால் சிலருக்கு ஆகாது. எனக்கு முதல் மாதம் முழங்கைவரை தடித்து அரித்தது, அப்புறம் உடம்பு பழகிவிட்டது. மகளுக்கு அரிப்பு வியாதி இருந்தால் முதலிலேயே யோசியுங்கள்.

எனக்கு உயிரான வேலை தங்க வேலை. கறுப்பு யூன்மேல் தங்கம் வரக்கூடாத இடத்தையெல்லாம் பிசினில் குழைத்த மஞ்சள் அரிதாரத்தால் வரைவோம். அதன்மேல் முழுக்கத் தங்கரேக்கு ஒட்டிவிட்டு, பிறகு தண்ணீரில் கழுவ வேண்டும். அரிதாரம் கரைந்து ஓட, வரையாமல் விட்ட இடம் மட்டும் தங்கமாக நிற்கும். முதல் தடவை என் கைக்கடியில் ஒரு மயில் அப்படி வெளியே வந்தபோது நான் அழுதுவிட்டேன். கூத்துக்காரர் முகத்தில் பூசும் அரிதாரத்துக்கும் இதே பேர்தான் என்று தாத்தா சொன்னார். உண்மையில் இது பாஷாணம், சாப்பாட்டுக்கு முன் கையை நன்றாகக் கழுவணும்.

மோல்மீன் மாமா:

படிக்கட்டும்மா, ஆனால் வயிற்றுப்பாடு? தமிழ்நாட்டில் மாமல்லபுரத்தில் 1957-லிருந்து சிற்பக் கல்லூரி இருக்கிறதே, கல், உலோகம், மரம், சுதை எல்லாம் அங்கே பாடம். அங்கே அனுப்பினால் கோயில் வேலை பிடிபடும்.

சுதைக்காரன்:

மாமா, அது நல்ல இடம், நானும் போக ஆசைப்பட்டவன்தான். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை முதலில் இங்கே கை பழகட்டும். வருமானம் ஒரே மாதிரி வராது, மறைக்க மாட்டேன். திருப்பணி இல்லாத மாதம் நான் பயா வேலைக்குப் போகிறேன், அதுவும் இல்லாவிட்டால் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிறேன். ஒரு கோயிலில் பேசிய கூலி இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. அதிலிருந்து பாதியை முதலிலேயே வாங்கிக்கொள்கிறேன். வரையவும் தெரியும், உருவமும் தெரியும் என்றால் வருஷத்தில் சும்மா இருக்கும் நாள் குறையும். அதனால் எந்தப் பாடத்தில் சேர்ந்தாலும் தினமும் வரையட்டும்.

அக்கா, அந்தக் கிளியை நான் பார்க்கலாமா? சாந்துக்கு உள்ளே கம்பி வைத்திருக்கிறாளா?

பெகு செல்வி:

கேட்டேன் தம்பி. கம்பி இல்லையாம். வால் நிற்கமாட்டேன் என்றதால் உள்ளே ஈர்க்குச்சி இரண்டைச் சேர்த்துக் கட்டி வைத்தாளாம். யாரும் சொல்லித் தரவில்லை என்கிறாள்.

சுதைக்காரன்:

அப்படியா! அப்படியென்றால் சிற்பத்துக்கே மனுப் போடுங்கள் அக்கா. அடுத்த ஞாயிறு நான் பெகு பக்கம் வேலைக்கு வருகிறேன், இரண்டு படி களிமண் கொண்டுவந்து தருகிறேன். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து வைக்கச் சொல்லுங்கள், ராத்திரி மண்ணைச் சுற்றி வைக்க.