ஒரே நேரத்தில் பாடி, கிட்டாரும் வாசித்துப் பதிவு: குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது

தனிக்குரல்:
சொந்தப் பாட்டுகள் பத்து, ஆல்பமாக வரப்போகிறது. எல்லாமே ஒரு அகூஸ்டிக் கிட்டார், ஒரு குரல். ரெண்டு பாட்டில் மட்டும் பேஸ். தனித்தனியாக எடுத்தால் உயிரே இல்லை, அதனால் வாசித்தபடியே பாடுகிறேன். பெரிய டயஃப்ரம் மைக் (முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்டு, முன்னும் பின்னும் கேட்கும் ஃபிகர் எட்டு, ரெண்டு அமைப்பும் உண்டு) வாய்க்கு; சின்ன கார்டியாய்டு கிட்டாரின் துளைக்கு நேரே. தனித்தனியாகக் கேட்டால் பரவாயில்லை. சேர்த்தால் குரல் குழாய்க்குள் போய்விடுகிறது, கிட்டார் கும்மென்று இரைகிறது. ஈக்யூ (ஒலியின் அடி, நடு, உச்சப் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) போட்டும் சரியாகவில்லை. பத்தும் ஒரே பாட்டு மாதிரி கேட்குமோ என்ற பயம் வேறு.

கம்பிநாதம்:
ஈக்யூவால் சரியாகாது. ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். வாயிலிருந்து குரல் மைக் 15 செ.மீ., கிட்டார் மைக் 50 செ.மீ. என்றால் அதே குரல் ஒரு மில்லி செகண்ட் தாமதமாக இன்னொரு முறை பதிவாகிறது. சேர்க்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் பக்கம் குழி விழும். குரலின் உடம்பே அங்கேதான். கிட்டார் மைக்கில் குரல் ஏறுவதைக் குறைப்பதுதான் வழி.

மைக்குகளை இடம் மாற்றுங்கள். பெரியதை ஃபிகர் எட்டில் வைத்துக் கிட்டாருக்கு. அந்த அமைப்பில் பக்கவாட்டில் அதற்குக் காது கேட்காது. அந்தப் பக்கம் வாயைப் பார்க்கட்டும். கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு பாடுங்கள், ஹெட்ஃபோனில் கிட்டார் மைக்கை மட்டும் கேட்டபடி மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். குரல் சட்டென்று மெலியும் கோணம் ஒன்று வரும். அங்கேயே முறுக்கி நிறுத்துங்கள். சின்னது மோவாய் உயரத்தில், மேல்நோக்கி வாயைப் பார்த்து. அதன் முதுகு கிட்டார் பக்கம். பாப் ஃபில்டர் (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை) கட்டாயம்.

ஃபிகர் எட்டு பின்னாலும் கேட்கும், அதனால் மைக்குக்குப் பின்புறம் தடித்த போர்வை தொங்கட்டும். கிட்டத்தில் வைத்தால் அடி ஒலி வீங்குவதும் இதில் அதிகம், 30 செ.மீ.க்குக் குறையாதீர்கள்.

நடுச்சுருதி:
இரைச்சலுக்குக் காரணம் துளை. பெரிய உடல் கிட்டாரில் பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் சுற்றி அதிரும். அடிக்கம்பியின் மூணாவது ஃப்ரெட்டைத் தட்டிப் பாருங்கள், அந்த ஒரு ஸ்வரம் மட்டும் பெருத்துக் கேட்கும். கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு மைக்கை நகர்த்தினால் முக்கால்வாசி போய்விடும். மிச்சத்துக்கு லோ கட் (அடி ஒலியை வெட்டும் ஃபில்டர்), ஆனால் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டாம்: அடிக்கம்பி 82, டி-க்கு இறக்கினால் 73.

புதுக் கம்பியை முந்தின நாளே மாட்டி, இழுத்து இழுத்து விடுங்கள். இல்லையென்றால் டேக் (ஒரு முறை பாடிப் பதிவது) நடுவிலேயே சுருதி இறங்கும். கேப்போ (சுருதி ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வி) ஃப்ரெட்டை ஒட்டியே இருக்கட்டும், போட்ட பிறகு மறுபடி சுருதி பாருங்கள். வேகம் காட்டும் க்ளிக் ஒலி வைத்தால், ஒலி வெளியே கசியாத மூடிய ஹெட்ஃபோன். கடைசி கார்டு கார்வையாக அடங்கும்போது க்ளிக் தானாக நிற்கும்படி செட் செய்யுங்கள். அந்த அமைதியில்தான் டிக் டிக் மாட்டிக்கொள்ளும்.

தனிக்குரல்:
அப்படியானால் சுருதி தவறிய ஒரு வரியை மட்டும் பிறகு திருத்தலாமா?

கம்பிநாதம்:
கூடாது. குரல் டிராக்கில் திருத்துவீர்கள், கிட்டார் டிராக்கில் கசிந்த குரல் பழைய சுருதியிலேயே நிற்கும். ரெண்டு பேர் பாடுவது போல ஆகிவிடும். ஒவ்வொரு பாட்டையும் நாலைந்து முறை முழுசாகப் பாடி எடுங்கள். ஒட்ட வேண்டுமென்றால் ரெண்டு டிராக்கையும் ஒரே இடத்தில், சரணத்துக்கு முந்தின மூச்சில் வெட்டுங்கள். டேக்குகளுக்கு இடையே நாற்காலி நகர்ந்தால் ஒட்டு தெரியும். தரையில் டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள்.

மெல்லொலி:
ஒரே மாதிரி கேட்பதற்கு ரிவர்ப் (எதிரொலி சேர்ப்பது) மருந்து இல்லை. பத்துப் பாட்டுக்கும் சுருதி, வேகம், கேப்போ, ட்யூனிங் எழுதி வரிசையாக வையுங்கள். பத்தில் ஆறு ஜி-யில் இருந்தால் அதுதான் வியாதி. ஓரிரண்டைத் திறந்த ட்யூனிங்குக்கு (ஃப்ரெட் அழுத்தாமல் மீட்டினாலே கார்டு வரும் சுருதி) மாற்றுங்கள். இன்னொன்றில், பன்னிரண்டு கம்பி செட்டில் வரும் மெல்லிய கம்பிகளை அடிப்பக்கம் நாலு இடத்திலும் போட்டு, ஒரு எட்டு ஸ்வரம் மேலே சுருதி சேர்த்து, ரெண்டாவது கிட்டாராகப் பின்னால் வாசியுங்கள். மணி ஓசை மாதிரி நிற்கும், குரலை மூடாது.

மாஸ்டரிங்கில் (ஆல்பத்தின் கடைசி ஒலிச் சீரமைப்பு) ஒவ்வொரு பாட்டையும் மைனஸ் 14 LUFS என்ற உரப்பு அளவுக்குத் தனித்தனியாகத் தூக்காதீர்கள். ஸ்ட்ரிங்கைச் சீண்டும் மெல்லிய பாட்டு அதட்டலாகக் கேட்கும். பாட்டுக்குப் பாட்டு குரலின் உரப்பு ஒன்றாக இருக்கிறதா என்று காதால் பாருங்கள். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் போதும்.