புது மண்டபத்துத் தையல்காரருக்கு இன்னும் அம்பது ரூபா பாக்கி

கீழமாசிக்காரன்:
2011 சித்திரைத் திருவிழா. அப்பாவுக்கு அழகர் மேல தண்ணி பீச்சுற நேத்திக்கடன். அழகரை மதுரைக்கு வரவேற்கிற எதிர்சேவைக்கு மொத நாள்தான், மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிர்ல இருக்கிற புது மண்டபத்துக்கு, வேஷத்துக்கான சல்லடம் (அரைக்கால் சட்டை), குல்லா தைக்கப் போறோம். கூட்டம் உங்களுக்கே தெரியும், தூணுக்குத் தூண் மெசினு. அந்தப் பெரியவர் டேப்பையே எடுக்கலை. அப்பா நடந்து வந்ததைப் பாத்துட்டு, "இடுப்பு முப்பத்தெட்டு. இடது முழங்கால் மடங்காதோ? அந்தப் பக்கம் தளர்த்தித் தாரேன்"னாரு. வலியைப் பத்தி நாங்க வாயே தொறக்கலை! ராத்திரி வாங்கப் போனப்ப அம்பது ரூபா குறைஞ்சது. "திருவிழா முடிஞ்சு குடு தம்பி." நான் போகவே இல்லை. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்துன பெறகு தேடிப்போனேன். ஆளக் காணோம்.

வைகைக்கரை:
உருக்கமாத்தான் இருக்கு. ஆனா அந்த மெசினு சாஞ்சிருந்தது சிலை மேலங்க. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குக் கட்டுன மண்டபம், சுத்தித் தண்ணி நிக்கிற மாதிரி. அதுல ஆணியடிச்சுச் சட்டை தொங்கவிட்டோம். 2018 பிப்ரவரி 2 ராத்திரி மீனாட்சி கோயிலுக்குள்ள வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகள் எரிஞ்சதுக்கு அப்புறமும் கோயிலுக்குள்ள கடை வேணும்னா என்ன சொல்ல?

பாத்திரப்பிரியை:
எங்கம்மா எனக்குச் சீர் குத்துவிளக்கு எடுத்தது அங்கதான். பித்தளை வாங்குறவங்க கவனிங்க: காந்தம் கொண்டு போங்க, ஒட்டுனா உள்ள இரும்பு. எடை போடுறப்ப தட்டுல வேற எதுவும் இருக்கக் கூடாது. வெங்கலம்னு சொன்னா தட்டிப் பாருங்க, ஓசை நின்னு கேக்கணும். சமைக்கிற பாத்திரத்துக்கு ஈயம் பூசாம வீட்டுக்கு எடுத்துப் போகாதீங்க, புளிக்குழம்பு களிம்பேறிரும். மொதக் கடையிலேயே வாங்கிறாதீங்க. பட்டன், லேஸ் வேணும்னா ஏழுகடல் தெரு.

தெப்பக்குளம்:
வைகைக்கரை அண்ணே, கடைக்காரங்க என்ன ஆக்கிரமிச்சா உக்காந்தாங்க? கோயிலுக்கு வாடகை கட்டித்தானே இருந்தாங்க. ஆணியடிச்சது தப்புதான், அன்னைக்கே தடுத்திருக்கணும். நான் அஞ்சாப்பு படிக்கையில அங்க பழைய பாடப்புத்தகம் வாங்கப் போயி அப்பாவைத் தொலைச்சுட்டேன். ஒரு தையல்காரர் வெட்டுத் துணிக் குவியல் மேல உக்கார வச்சு முறுக்கு குடுத்தாரு. தலைக்கு மேல யாளி. அந்தப் புதுத்துணி வாசம் இப்பவும் மூக்குலயே நிக்கிது.

கீழமாசிக்காரன்:
அண்ணே, சண்டை வேணாம். நான் தேடுற தையல்காரர் இடது கையால கத்திரி பிடிப்பாரு, காதுல எப்பவும் சாக்கட்டி. யாருக்காவது தெரியுமா?