ஸ்தோத்திர ஜெபத்துக்கு முன்பு

பெரியப்பா, காலை 6.10
குடும்பத்தார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். அம்மாவின் அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்து, அவர்கள் மறுபடியும் தாமாகவே எழுந்து நடமாடும்படி கர்த்தர் கிருபை செய்திருப்பதால், வருகிற மாதம் முதல் சனிக்கிழமை மாலையில் வீட்டில் ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். அந்த நாள் எல்லோருக்கும் வசதிப்படுமா என்று அறிந்த பிறகே போதகரிடம் பேச வேண்டும். இந்த ஆண்டில் கர்த்தருக்கு நன்றி சொல்ல விரும்பும் ஒரு காரியத்தை ஒவ்வொருவரும் இங்கே எழுதினால், அவற்றைத் தொகுத்து ஜெபத்தில் வாசிக்கலாம்.

அத்தை, காலை 6.31
மிகவும் நல்ல யோசனை, அண்ணா. என் ஸ்தோத்திரத்தை முதலில் எழுதிவிடுகிறேன். மருத்துவமனையில் அம்மா கண் விழித்த நேரங்களிலெல்லாம் அருகில் ஒருவர் இருந்தார்; அந்த இரவுகளில் உறக்கத்தை விட்டு மாறி மாறி அமர்ந்திருந்த நம் வீட்டு மருமகள்கள் மூவருக்காகவும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். மகளாகிய நான் தொலைவில் இருந்தபோது அவர்கள் மகள்களாக இருந்தார்கள்.

மாமா, காலை 6.48
இப்படிப் பெயர் குறிப்பிட்டு நன்றி சொல்வதுதான் சரி. ‘சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்’ என்று மொத்தமாகச் சொல்லி அமர்ந்துவிடுவது எளிது. ஆனால் யார் மூலமாக, எந்த நேரத்தில், என்ன நன்மை வந்தது என்று நினைத்துப் பார்க்கும்போதுதான் நன்றி மனத்தில் தங்குகிறது. லூக்கா 17-ல் சுகமான குஷ்டரோகிகள் பத்துப் பேரும் ஆண்டவர் சொன்னபடியேதான் ஆசாரியரிடம் போனார்கள். அவர்களில் சமாரியன் ஒருவன் மட்டுமே வழியில் நின்று, தனக்கு நடந்ததைக் கண்டு, திரும்பி வந்தான்.

அக்கா, காலை 7.15
பெரியப்பா, எனக்கும் அந்த நாள் வசதியாகவே இருக்கிறது. ஆனால் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கிற கேள்வியை நான் கேட்டுவிடுகிறேன். சித்தப்பா வருவார்களா?

பெரியப்பா, காலை 7.40
அவனும் இந்தக் குழுவில் இருக்கிறான். செய்தி அவனுக்கும் போயிருக்கும். வருவதும் வராததும் அவன் விருப்பம். வீட்டைப் பங்கிடும் பேச்சில் அவன் என்னைப் பேசிய வார்த்தைகளையெல்லாம் நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். என் மனத்தில் ஒன்றும் இல்லை.

சித்தி, காலை 8.05
அத்தான், வயதில் சிறியவள் எழுதுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்ற செய்தியை இதற்கு முன்பும் இரண்டொருவர் வாயிலாகக் கேள்விப்பட்டோம். இன்று எல்லோர் முன்பாகவும் வாசிக்கிறோம். ஆனால் எங்களிடம் நேரில் யாரும் அதைச் சொல்லவில்லை. ஒருவரிடம் பேசாமலே, அவருடைய பக்கத்தைக் கேட்காமலே, ‘அவரை மன்னித்துவிட்டேன்’ என்று ஊரறியச் சொன்னால், குற்றவாளி யார் என்ற தீர்ப்பும் அதனுள்ளேயே வந்துவிடுகிறது. அவர் பேசிய வார்த்தைகள் கடுமையானவை என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வார்த்தைகளுக்கு முன்னால் பேசப்பட்டவையும் சில உண்டு.

பெரியப்பா, காலை 8.09
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அத்தை, காலை 8.12
அண்ணா, நீக்குவதற்குள் நான் வாசித்துவிட்டேன். நீக்கியது நல்லது.

மாமா, காலை 9.20
மச்சான், நீங்கள் கோபித்துக்கொள்ளமாட்டீர்கள் என்ற துணிவில் எழுதுகிறேன். வீட்டு விவகாரத்துக்குள் நான் போகவில்லை; வசனத்தை மட்டும் சொல்கிறேன். மத்தேயு 5:23-24 நம் எல்லோருக்கும் தெரிந்ததே: “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், அங்கே தானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து.” காணிக்கையோடு நிற்கிறவனுக்குத் தன் சகோதரன்மேல் மனத்தாங்கல் இருக்கிறதா என்று ஆண்டவர் இங்கே கேட்கவே இல்லை. சகோதரனுக்கு இவன்மேல் குறை இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறார். அந்தக் குறை நியாயமானதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படு என்றும் சொல்லவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இன்னொன்றும் உறைத்திருக்கும். அவர்கள் இருந்தது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில். காணிக்கையை அங்கே வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சகோதரனைக் கண்டு பேசி, மறுபடியும் எருசலேமுக்குப் போவதென்றால் நாள்கணக்கில் நடக்க வேண்டும். அவ்வளவு நாட்களும் ஆராதனை காத்திருக்கலாம் என்கிறார்.

மாமா, காலை 9.34
அதே சுவிசேஷத்தில் 18:15 இதன் மறுபக்கத்தைச் சொல்கிறது. சகோதரன் நமக்கு விரோதமாகக் குற்றம் செய்திருந்தால், அவனிடத்தில் போய், ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ பேச வேண்டும். இரண்டையும் சேர்த்து வாசித்தால், குற்றம் நம்முடையதானாலும் அவனுடையதானாலும் புறப்பட்டுப் போக வேண்டியவர் நாமே. ‘அவன் வரட்டும், பார்க்கலாம்’ என்பதற்கு வசனத்தில் இடம் கிடைக்கவில்லை. சாட்சிகளும் சபையும் அதற்குப் பின்புதான் வருகிறார்கள். நம் வீட்டிலோ சபைக்கும் உறவுக்கும் முதலில் தெரிந்துவிடுகிறது, சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில் தெரிகிறது.

நான், காலை 10.02
மாமா, எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒப்புரவாகு என்று சொல்லும்போது, பாதிக்கப்பட்டவர்தான் எப்போதும் விட்டுக்கொடுத்துப் போக வேண்டியிருக்கிறது. ‘கிறிஸ்தவனாக இருந்துகொண்டு மன்னிக்க மாட்டாயா’ என்ற ஒரே வார்த்தையில் நியாயமான கேள்விகள் எல்லாம் அடக்கப்பட்டுவிடுகின்றன. பங்கு கேட்பது பாவமா? தவறு நடந்தது என்று சொல்வது மன்னிக்காமைக்கு அடையாளமா?

அக்கா, காலை 10.30
இதற்கு நான் பதில் சொல்லட்டுமா? 1999 ஜனவரியில் ஒடிசா மாநிலம் மனோகர்பூரில், குஷ்டரோகிகளிடையே ஊழியம் செய்துவந்த கிரகாம் ஸ்டெயின்ஸும், அவருடைய சின்னஞ்சிறு மகன்களான பிலிப்பும் தீமோத்தேயும், உறங்கிக்கொண்டிருந்த வண்டியோடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார்; மகளோடு இந்தியாவிலேயே தங்கி அந்த ஊழியத்தைச் சில ஆண்டுகள் தொடர்ந்தார். ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை. 2003-ல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை விதித்தது. அவர் மன்னித்ததும் உண்மை, அரசு தண்டித்ததும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. பகையை அவர் தம் உள்ளத்தில் வைத்துக்கொள்ளவில்லை. நீதியை அதற்கு உரியவர்களிடம் விட்டார். அந்த அளவுக்குப் போக வேண்டிய காரியம் நம் வீட்டில் எதுவும் இல்லை என்பதற்கே நாம் நன்றி சொல்ல வேண்டும்.

மாமா, காலை 10.41
மிகச் சரி. பங்கு கேட்பது பாவம் என்று ஆண்டவர் சொல்லவில்லை. லூக்கா 12-ல் ஒருவன் வந்து, தன் சகோதரனிடம் சொல்லி ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரும்படி கேட்டபோது, “மனுஷனே, என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவன் யார்” என்றார். பிறகு பொருளாசையைக் குறித்து எச்சரித்தார். அளந்து பங்கிடுவது வேறு ஆட்களின் வேலை. அளக்கும்போது நம் இருதயம் என்ன ஆகிறது என்பதைத்தான் அவர் கவனிக்கிறார்.

அப்பா, பிற்பகல் 1.15
காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவனாகையால், எதை எழுதினாலும் ஒருவர் பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்று இதுவரை பேசாமல் இருந்தேன். யோசேப்பின் சரித்திரத்தை மட்டும் நினைவுபடுத்துகிறேன். சகோதரர் அவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் தானியம் வாங்க எகிப்துக்கு வந்து, அங்கே அதிகாரியாய் உயர்ந்திருந்த அவன் முன் குனிந்தபோது, அவன் உடனே தன்னை வெளிப்படுத்திவிடவில்லை. தனியே போய் அழுதான், ஆனாலும் காத்திருந்தான். கடைசித் தம்பி பென்யமீனை விட்டுவிட்டுத் தாங்கள் தப்பிப் போகிறார்களா என்று பார்த்தான். விற்றுவிடலாம் என்று அன்று யோசனை சொன்ன அதே யூதா, இப்போது தம்பிக்குப் பதிலாகத் தான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்வந்த பிறகுதான், யோசேப்பு தன்னை அடக்கிக்கொள்ள முடியாமல் ‘நான் யோசேப்பு’ என்றான். ஆகவே, மன்னிக்கும் மனம் முதலிலேயே இருக்கலாம். நம்பிக்கை திரும்புவதற்குக் காலம் தேவைப்படும். இதை அவசரப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்ப்பவர்களே.

அப்பா, பிற்பகல் 1.28
ஆதியாகமம் 50-ஆம் அதிகாரம்தான் என்னை அதிகமாக யோசிக்க வைக்கிறது. அவர்களுடைய தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து மரித்தார். அவரை அடக்கம் பண்ணித் திரும்பியதும், சகோதரர் பயந்தார்கள்: தகப்பன் உயிரோடிருந்ததால்தான் யோசேப்பு சும்மா இருந்தான், இனிமேல் பழி வாங்குவான் என்று எண்ணி, ‘தகப்பன் மரிக்குமுன் உனக்கு இப்படிச் சொல்லச் சொன்னார்’ என்று ஆள் அனுப்பினார்கள். கட்டித் தழுவி முத்தமிட்டு, நிலம் கொடுத்து, சாப்பாடு கொடுத்துக் காப்பாற்றியும், 17 ஆண்டுகளுக்குப் பிறகும் தாங்கள் மன்னிக்கப்பட்டதை அவர்களால் நம்ப முடியவில்லை! அதைக் கேட்டு யோசேப்பு அழுதான். ‘அன்றைக்கே சொன்னேனே’ என்று சலித்துக்கொள்ளாமல், அவர்களோடு மறுபடியும் பட்சமாய்ப் பேசி ஆறுதல் சொன்னான். அண்ணா, ‘எப்போதோ மன்னித்துவிட்டேன்’ என்று நீங்கள் எழுதியது உண்மை என்றே நம்புகிறேன். மன்னிக்கப்பட்டவன் காதில் அது விழுந்திருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. அம்மா இருக்கும்போதே அது விழ வேண்டும் என்பது என் ஆசை.

அத்தை, பிற்பகல் 2.05
ஜெபத்தையும் இதையும் ஏன் கலக்க வேண்டும் என்று காலையில் எனக்குத் தோன்றியது உண்மை. ஸ்தோத்திரம் கர்த்தருக்கு, சண்டை நமக்குள் என்று பிரித்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படிப் பிரிக்க முடியாது போலிருக்கிறது.

மாமா, பிற்பகல் 2.50
பிரிக்க முடியாது என்பதற்கு மத்தேயு 18-ல் வரும் கடன்பட்ட ஊழியக்காரனின் உவமையே போதும். ராஜா அவனுக்கு விட்டுக்கொடுத்தது 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக, 6 கோடி நாள் கூலி. உடன் ஊழியக்காரன் அவனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது 100 வெள்ளிப்பணம். அது சின்னத் தொகை அன்று. மூன்று மாத உழைப்புக்கு மேல். நம்மைப் புண்படுத்தியவர்கள் நமக்குச் செய்ததும் சின்னக் காரியம் என்று ஆண்டவர் சொல்லவில்லை. ஆனால் இவன் ராஜாவின் சமுகத்திலிருந்து புறப்பட்டுப் போனவுடனே கடனாளியின் தொண்டையைப் பிடிக்கிறான். தனக்குக் கிடைத்ததை நன்றியோடு எண்ணிப் பார்க்க அவன் ஒரு வேளையாவது நின்றிருந்தால், கை தானாகவே தளர்ந்திருக்கும். நன்றி மறந்த இடத்தில்தான் மன்னிக்க முடியாமல் போகிறது. அதனால்தான் மன்னிப்பைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்தோத்திர ஜெபம் மட்டும் வைப்பது எனக்கு உறுத்துகிறது.

சித்தி, பிற்பகல் 3.30
இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே ஞாயிறு பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, பேசலாமா கூடாதா என்று எங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் ஸ்தோத்திரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: அந்தப் பிள்ளைகள் எங்களைக் கேட்காமலே போன வாரம் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

பெரியப்பா, மாலை 6.20
எல்லாவற்றையும் வாசித்தேன்; சிலவற்றை இரண்டு தடவை வாசித்தேன். மாப்பிள்ளை சொன்னபடி, தனித்திருக்கையில் பேச வேண்டியதை இங்கே பேசப் போவதில்லை. ஜெபத்துக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, நாளை ஆராதனை முடிந்ததும் நான் உன் வீட்டுக்கு வரலாமா? வேறு யாரையும் அழைத்து வரமாட்டேன்.

சித்தப்பா, இரவு 8.45
வாருங்கள், பெரிய அண்ணா. இத்தனை பேர் முன்பாக வசனங்கள் பேசப்பட்டபோது, பதில் எழுதினால் வாதமாகிவிடும் என்றுதான் பேசாமல் இருந்தேன். நான் பேசிய வார்த்தைகளைப் பற்றி உங்களிடம் நேரில் சொல்ல வேண்டியது எனக்கும் இருக்கிறது. ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பின்னால் அது மனத்தாங்கலாகக் கூடாது. நாம் ஒப்புரவாவதும் வீட்டுப் பங்கைத் தீர்ப்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டாம். நீங்கள் வந்த சந்தோஷத்தில் நான் எதையாவது விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு அதை நினைத்து முறுமுறுக்கிறவனாக இருக்க விரும்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்துவதற்காக நீங்களும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பெரியப்பா, இரவு 8.58
சம்மதம். நாளை வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டேன். அதற்கு, நம் இருவருக்கும் பொதுவான விவேகி ஒருவரை வைத்துக்கொள்ளலாம். சகோதரருடைய வழக்கைத் தீர்க்கத்தக்கவன் ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா என்று பவுல் கொரிந்தியரிடம் கேட்டதற்கு, நம் வீட்டிலாவது ஆள் இருக்க வேண்டும். அது யார் என்பதை நீயே சொல். நீ சொல்பவரை நான் ஒப்புக்கொள்கிறேன்.

சித்தப்பா, இரவு 9.07
காலையிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் அத்தானையே கேட்கலாம்.

மாமா, இரவு 9.10
வெள்ளிப்பணத்தின் கணக்கைப் புத்தகத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். வீட்டை அளப்பது எளிதான காரியம் இல்லை. இருவரும் பத்திரங்களின் நகல்களை எனக்கு அனுப்பிவையுங்கள். இந்தக் குழுவில் வேண்டாம், தனியாக அனுப்புங்கள்.